எடைக்கு எடை வெல்லம்

வல்லக்கோட்டை
12.9.2024

அன்புத் தங்கை சௌந்தர்யாவுக்கு,

அக்கா காஞ்சனா எழுதுவது. இங்கே நான், உன் மாமா ஜீவானந்தம், என் மாமியார் காவேரி அத்தை எல்லோரும் சுகம். நீ சுகமா? சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்க மாட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டே என்னை இந்தக் கதிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

போன் இருக்கும்போது என்ன கடிதம் என்று சிரிக்காதே. நீ ஷிஃப்டில் இருக்கும்போது உன் போன் கம்பெனி லாக்கரில் தூங்குகிறது. நீ வெளியே வந்து பேசினால், "இன்னாமா சொல்லுது உன் தங்கச்சி? ஸ்பீக்கர்ல போடு, நானும் கேக்கறேன்" என்று அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். இருபது கிலோமீட்டர்கூட இல்லாத இருங்காட்டுக்கோட்டைக்கு ஒரு வார்த்தை தனியாகச் சொல்ல முடியவில்லை. உங்கள் கம்பெனி பஸ் ஓட்டுகிற வேல்ராஜ் அண்ணன் தினமும் காலையில் இங்கே கூட்டுரோட்டில் ஆள் ஏற்றுகிறார். அவரிடம் கொடுத்தால் உன் கையில் சேர்ப்பதாகச் சொன்னார்.

இந்தத் தாள் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஆஸ்பத்திரியில் ஐஸ்வர்யா என்று ஒரு டயட்டீஷியன் பெண். மார்பை எடுத்து, கீமோ முடித்து, ஒன்றரை வருஷமாக மாத்திரை விழுங்கிக்கொண்டு நான் உயிரோடு இருப்பதில் எல்லோருக்கும் சந்தோஷம். அவளுக்கு மட்டும் அது போதவில்லை. ஐம்பத்தெட்டு கிலோவாக இருந்தவள் எழுபத்து நான்கு ஆகிவிட்டேன். "இவ்ளோ வெயிட் நல்லதில்லக்கா. நோவு திரும்பி வர்றதுக்கு நாமளே எடம் குடுக்கக் கூடாது. மெதுவா எறக்கலாம்" என்று ஒரு டயட் ஷீட்டும், தின்பதையெல்லாம் எழுதி வைக்க ஒரு நோட்டும் கொடுத்தாள். அதன் கடைசிப் பக்கத்தைக் கிழித்துத்தான் உனக்கு எழுதுகிறேன்.

இன்னொன்று. அம்மாவுக்கும் வந்து எனக்கும் வந்ததால், கூடப்பிறந்தவளும் மார்பு ஸ்கேன் எடுத்தாக வேண்டும் என்று பெரிய டாக்டர் சொன்னார். அடுத்த முறை நான் போகும்போது நீயும் வா. என்றைக்கு லீவு கிடைக்கும் என்று எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா,
காஞ்சனா


இருங்காட்டுக்கோட்டை
21.9.2024

பிரியமுள்ள அக்காவுக்கு,

சௌந்தர்யா எழுதியது. நான் நன்றாக இருக்கிறேன். மாமாவையும் அத்தையையும் கேட்டதாகச் சொல்.

உன் கடிதத்தை வேல்ராஜ் அண்ணன் பஸ்ஸில் எல்லோர் முன்னாலும் நீட்டிவிட்டார். "லவ் லெட்டரா லீடரம்மா?" என்று நான் லீடராக இருக்கிற லைனின் பெண்கள் ஒரு வாரமாக உயிரை எடுக்கிறார்கள். முப்பத்தெட்டு வயதில் எனக்கு இந்தப் பெயரும் வந்துவிட்டது.

அந்த டயட் ஷீட்டை எனக்கும் ஒன்று எழுதி அனுப்பு. நானும் என் ரூமில் இருக்கிற பூஜாவும் சேர்ந்து கடைப்பிடிக்கப் போகிறோம். கேன்டீன் சோறு தின்று எல்லோருக்கும் தொப்பை.

எங்கள் லைனில் ஒரு வயர் தப்பாகப் போனால், எந்த டேபிளில் தப்பு வந்தது என்று பின்னாலேயே போய்ப் பார்ப்போம். நீயும் அப்படிப் பார். டீயில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை? அத்தை சுடும் தோசைக்கு எத்தனை கரண்டி எண்ணெய்? சோற்றைப் பாதியாக்கி, காயையும் பயறையும் இரண்டு மடங்காக்கு. சாயங்காலம் கோவிலை ஐந்து சுற்று சுற்று. சாமி கும்பிடுகிற மாதிரியும் ஆயிற்று.

இந்த மாதம் எல்லா ஞாயிறும் ஓ.டி. போட்டிருக்கிறார்கள். வர முடியாது.

மாத்திரையை மறக்காதே.
சௌந்தர்யா


வல்லக்கோட்டை
14.10.2024

அன்புத் தங்கைக்கு,

எல்லோரும் நலம். உன் நலம் பற்றி நீ எழுதுவதை நம்பித்தான் இருக்கிறேன். டீ, தோசை, கோவில் எல்லாவற்றையும் பற்றி எழுதினாய். ஸ்கேனுக்கு மட்டும் பேச்சைக் காணோம். ஷீட்டை நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு ஸ்கேனை மறந்துவிடாதே.

இங்கே ஒரு கூத்து. நான் ஆபரேஷனுக்குப் போன அன்று, இவள் பிழைத்து வந்தால் எடைக்கு எடை வெல்லம் துலாபாரம் போடுகிறேன் என்று அத்தை நம் முருகனுக்கு நேர்ந்துகொண்டார். பங்குனி உத்திரத்துக்கு நிறைவேற்ற வேண்டும். இப்போது நான் இளைத்தால் அது சாமிக்குக் கொடுப்பதில் கை வைத்த மாதிரியாம். "உசுர குடுத்தவனுக்கே அளவ கொறைக்கிறியா? உத்திரம் முடியட்டும், அப்பால நீ இன்னா வேணா பண்ணிக்கோ" என்கிறார். ஷீட்டில் போட்டிருக்கிறபடி ராகிக்கூழ் காய்ச்சினால், நான் திரும்புவதற்குள் அதில் நெய் மிதக்கிறது. சண்டை போடவும் முடியவில்லை. கீமோவில் நான் வாந்தி எடுத்தபோதெல்லாம் கையில் ஏந்தியவர் அவர்தான்.

உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. ஐஸ்வர்யாவின் ரூமில் எடை மிஷினில் ஏறுகிறபோதெல்லாம் பின்னால் இன்னொருத்தி வந்து நிற்கிறாள். முதுகில் லேசாகக் காற்று படுகிறது. அம்மாவுக்குக் கடைசியில் ஊட்டினோமே நொய்க்கஞ்சி, அந்த வாசனை வருகிறது. திரும்பிப் பார்த்தால் சுவரும் காலண்டரும்தான்.

ஸ்கேனுக்கு எப்போது வருகிறாய்?
அக்கா


இருங்காட்டுக்கோட்டை
5.11.2024

பிரியமுள்ள அக்காவுக்கு,

நலம். எல்லோரும் அங்கே நலம் என்று நினைக்கிறேன். தீபாவளிக்கு வராததற்கு அத்தை திட்டியிருப்பார். லீடர்களுக்கு லீவு இல்லை என்று கடைசி நேரத்தில் சொல்லிவிட்டார்கள்.

நீ கொடுத்தனுப்பிய அதிரசத்தை லைனில் பங்கு வைத்துவிட்டேன். நான் தொடவில்லை. ஷீட்டில் அப்படித்தானே போட்டிருக்கிறது? பூஜா நான்கே நாளில் பிரியாணிக்கு ஓடிவிட்டாள். நான் விடவில்லை. ஷீட்டில் இருப்பதைவிடக் குறைத்தே சாப்பிடுகிறேன்.

மிஷின் பற்றி எழுதினாயே. ஏ.சி. காற்றாக இருக்கும். கண்டதை நினைக்காதே.

குளிர ஆரம்பித்துவிட்டது. காதைக் கட்டிக்கொண்டு நட.
சௌந்தர்யா


வல்லக்கோட்டை
24.11.2024

அன்புத் தங்கைக்கு,

மாமாவுக்குச் சளி, மற்றபடி சுகம். இன்றைக்கு உண்மையை எழுதப் போகிறேன். நீயும் ஒருநாள் எழுதுவாய் என்ற நப்பாசைதான்.

நேற்று எடை எழுபத்தைந்து. ஐஸ்வர்யா என் நோட்டைப் புரட்டினாள். இரண்டு இட்லி, ஒரு கப் சுண்டல், கீரை, மோர். பக்கம் பக்கமாக உத்தமி மாதிரி எழுதி வைத்திருந்தேன். "நோட்டு எளைச்சிருக்குது, நீங்க எளைக்கலையேக்கா" என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவ்வளவும் பொய். அத்தை வைத்த பொங்கலையும் வடையையும் மறுக்காமல் தின்றுவிட்டு, மறுக்க வேண்டியதை நோட்டில் மறுத்திருக்கிறேன்.

ஏன் என்று கேட்டாள். அழுதுவிட்டேன். அம்மாவைச் சேர்த்த அன்று நர்ஸ் எடை பார்த்து முப்பத்தாறு என்று எழுதினாள், நினைவிருக்கிறதா? முனியம்மாள், வயது ஐம்பத்தெட்டு, எடை முப்பத்தாறு. அன்றிலிருந்து எனக்கு இளைப்பு என்றாலே சாவுதான். ஒரு கிலோ குறைந்தால்கூட அம்மா போன வழியில் ஓர் எட்டு வைத்த மாதிரி இருக்கிறது. சதை இருக்கிறவரை அவள் என்னைத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்று நினைத்தேன்.

ஐஸ்வர்யா என் கையைப் பிடித்துக்கொண்டு, "தானா எளைக்கிறது வேற, நாம பாத்துப் பாத்து எறக்கறது வேற. ஒங்கம்மாவுக்கு நடந்தது இது இல்ல" என்றாள். அதைக் கேட்டபிறகுதான் மூச்சு வந்தது. இன்றிலிருந்து நோட்டில் நிஜம். இன்று காலை மட்டும் மூன்று வடை. எழுதிவிட்டேன்.

நீயும் வா சௌந்தர்யா. வந்து ஸ்கேன் எடுத்துவிட்டுப் போ.
அக்கா


இருங்காட்டுக்கோட்டை
9.1.2025

அக்காவுக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. புது மாடல் ஓடுகிறது, நிற்க நேரமில்லை. நீ உண்மையை எழுதியது நல்லது.

ஷீட் எனக்கு நன்றாக வேலை செய்கிறது. யூனிஃபார்ம் தொளதொளவென்று ஆகிவிட்டது. ஸ்டோரில் புதிது கேட்டால் ஆயிரம் கேள்வி, அதனால் இரண்டு பக்கமும் பிடித்து நானே ஒரு தையல் போட்டுவிட்டேன். வெளியே தெரியவில்லை.

பொங்கலுக்கு வர முடியாது போலிருக்கிறது. மாமாவுக்கும் அத்தைக்கும் என் வணக்கம்.
சௌந்தர்யா


வல்லக்கோட்டை
17.1.2025

சௌந்தர்யா,

இங்கே நலம். என் எடை எழுபத்து இரண்டு. அத்தைக்குச் சொல்லவில்லை. அவர் கணக்கில் நான் இன்னும் எழுபத்தைந்துதான்.

உன் கடிதத்தைப் பொங்கலன்று படித்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் நின்றிருந்தேனாம். பிறகு பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கி அம்மாவின் பச்சை ஜாக்கெட்டை எடுத்தேன். அவள் போன பிறகு அதை உள்பக்கம் திருப்பிப் பார்த்தது நான் மட்டும்தான் என்று நினைக்கிறேன். உடம்பு இளைக்க இளைக்க, நமக்குத் தெரியக்கூடாது என்று பிடித்துப் பிடித்துத் தைத்திருக்கிறாள். ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்து தையல். நான்கு நேராகப் போகிறது. ஐந்தாவது கோணல். நான் வந்தபோதெல்லாம் நம்மோடு உட்கார்ந்து சாப்பிட்டவள், நம் கண்ணுக்கு முன்னால் கரைந்திருக்கிறாள். நாம் "அம்மாவுக்கு ஜாக்கெட் எவ்ளோ பாங்கா இருக்குது பாரு" என்று சொல்லியிருக்கிறோம்.

இப்போது நீ தைத்தேன் என்கிறாய்.

வேல்ராஜ் அண்ணனிடம் கேட்டேன். "உன் தங்கச்சி ரொம்ப எளைச்சிப் போச்சும்மா. பஸ்ல ஏறும்போது கம்பியப் புடிச்சிக்கினு நின்னுட்டுத்தான் ஏறுது" என்றார். அது ஷீட்டால் வந்த இளைப்பு இல்லை. அந்த ஷீட்டை நான்கு மாதமாகப் பார்க்கிறவள் சொல்கிறேன். அது மனுஷியைக் கம்பி பிடிக்க வைக்காது.

ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். ஆமாம், இல்லை என்று எழுதினால் போதும். கட்டி இருக்கிறதா?
அக்கா


வல்லக்கோட்டை
10.2.2025

சௌந்தர்யா,

பதில் இல்லை. போனை எடுக்கவில்லை. நேற்று உன் ரூமுக்கு வந்தேன். பூஜா கதவைப் பாதி திறந்து, "அக்கா ஷிஃப்ட் போயிருக்காங்க" என்றாள். உன் செருப்பு வாசலில் இருந்தது. இடது செருப்பின் வாரில் நீ போட்ட நீல நூல் தையல் எனக்குத் தெரியாதா?

திரும்பி வந்தேன். வழியெல்லாம் அந்தச் செருப்பில் யாரும் இல்லாத மாதிரியே இருந்தது. எனக்குப் பயமாக இருக்கிறது. நீ சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு வரி எழுது.
அக்கா


இருங்காட்டுக்கோட்டை
2.3.2025

அக்கா,

எல்லோரும் சுகமா? இதைக் கேட்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.

அன்று நான் உள்ளேதான் இருந்தேன், கதவுக்குப் பின்னால். மாடி ஏறி வந்த உன் மூச்சு இரைப்பு கேட்டது. "அவ வந்தா சாப்ட சொல்லுமா" என்று பூஜாவிடம் சொன்னாயே, அதுவும் கேட்டது.

ஆமாம், கட்டி இருக்கிறது. ஆகஸ்டிலேயே கையில் தட்டுப்பட்டது. உன் முதல் கடிதம் வருவதற்கு முன்னாலேயே. ஒவ்வொரு கடிதத்திலும் ஸ்கேன் என்ற வார்த்தையைப் பார்த்ததும் மடித்து வைத்துவிடுவேன். சோறு இறங்கவில்லை. யாராவது கேட்டால் சொல்ல உன் ஷீட் இருந்தது.

இப்போது அந்த ஜாக்கெட். அதில் நான்கு தையல் போட்டது நான்.

அம்மா என்னிடம் மட்டும் காட்டினாள். சமையல்கட்டில் என் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள். "ஒங்கக்காகிட்ட சொல்லாத. அவ ஏற்கெனவே அந்த வூட்ல நெலச்சி நிக்கத் தடுமாறிக்கினு கீறா. தானா சரியாயிடும். என் தலமேல கைய வச்சி சத்தியம் பண்ணு" என்றாள். பண்ணினேன். மாதா மாதம் அவள் ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுப்பாள், நான் தைத்துக் கொடுப்பேன். வெளியே தெரியாமல் தைக்க எனக்குத்தானே வரும்? ஐந்தாவது நான் போடவில்லை. அப்போது எனக்குப் பயம் வந்து முடியாது என்றேன். கண் மங்கிப்போன பிறகு அவளே போட்டிருக்கிறாள். அது கோணல் என்று நீ எழுதித்தான் எனக்குத் தெரியும். அதைப் படித்த நாளிலிருந்து அவள் நூல் கோக்க முடியாமல் ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறதே என் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது.

உன்னிடம் சொன்னால், அம்மாவுக்கு எப்போது தெரியும், யாருக்குத் தெரியும் என்று நீ கேட்பாய். கட்டியைவிட அந்தக் கேள்விக்குத்தான் பயந்தேன். அவளைக் கொன்றவள் நான். அதே மாதிரி நானும் போய்விட்டால் கணக்கு சரியாகிவிடும் என்று தோன்றியது. யூனிஃபார்மில் இப்போது மூன்று தையல்.
சௌந்தர்யா


வல்லக்கோட்டை
3.3.2025

சௌந்தர்யா,

மூன்று முறை படித்தேன். முதல் முறை உன்னை அறைய வேண்டும் போலிருந்தது. அது இன்னும் இருக்கிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம். நீ கொல்லவில்லை. அம்மா கேட்டாள், நீ செய்தாய். அம்மா சொல்லியிருந்தால் நானும் செய்திருப்பேன். அந்தச் சத்தியம் அவளோடு சேர்ந்து வெந்துவிட்டது.

என் எடையைத் தவிர மற்றதெல்லாம் அத்தையிடம் சொல்லிவிட்டேன். ஸ்பீக்கர் இல்லாமலே. ஜாக்கெட்டை மடியில் வைத்து, ஐந்து தையலையும் ஊசியால் பிரித்தேன். அத்தை நூலை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டார்.

இதை இன்று ராத்திரி ஷிஃப்ட் பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். நாளைக் காலை வேல்ராஜ் அண்ணன் பஸ்ஸில் நானே வருகிறேன். கம்பெனி பஸ்ஸில் வெளியாள் ஏறக்கூடாதாம். "எவன் கேட்டாலும் நான் பாத்துக்கறேன், நீ ஏறு" என்றார். யூனிஃபார்மைப் பிரித்து வை. தொளதொளவென்று உன்னைப் பார்க்க வேண்டும். இந்த முறை கதவை நீ திற.
அக்கா


வல்லக்கோட்டை
11.4.2025, பங்குனி உத்திரம்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கும் தங்கைக்கு,

ஆபரேஷன் காயம் எப்படி இருக்கிறது? ட்யூப் எடுத்தார்களா? நாளைக் காலை வந்துவிடுவேன். அதுவரை மாமா கொண்டுவரும் கேரியரோடு இதையும் அனுப்புகிறேன். முட்டையும் பருப்பும் உனக்கு. எனக்கு எழுதிய ஷீட்டைக் கிழித்துப் போடு, அது உனக்கு இல்லை. கட்டி சின்னது, நேரத்தோடு வந்துவிட்டீர்கள், இந்தப் பெண் இளைத்தது சாப்பிடாமல்தான் என்று டாக்டர் சொன்னதை மனதுக்குள் சொல்லிக்கொண்டே இரு. நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இன்று துலாபாரம். அத்தை எழுபத்தைந்து கிலோ வெல்லம் வாங்கி வைத்திருந்தார். நான் தட்டில் உட்கார்ந்தேன். எதிர்த்தட்டில் வெல்லத்தை அடுக்கினார்கள். ஓரத்தில் ஓர் ஆள் ஒண்டுகிற அளவுக்கு இடம் விட்டே அடுக்கின மாதிரி எனக்குத் தெரிந்தது. அங்கே அம்மா காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறாள் என்றே நினைத்தேன். நான் மேலே எழும்பியபோது சங்கிலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அறுபத்தெட்டில் தட்டு நேராக நின்றுவிட்டது.

ஏழு கிலோ மிச்சம். அத்தை அந்த வெல்லத்தையே பார்த்தார். என் வேஷம் கலைந்தது, கோவில் என்றும் பார்க்காமல் கத்தப் போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அர்ச்சகரிடம் போனார். "சாமி, இந்த ஏழு கிலோ இவ தங்கச்சிக்கு. இப்பவே வச்சிக்கோங்க. மீதிய அந்தப் பொண்ணு வந்து ஒக்காரும்போது போடறேன்" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "நீ எறக்குனது எங்கயும் போவல" என்று சொல்லிவிட்டு அழுதார்.

நன்றாகச் சாப்பிடு.
அக்கா


14.4.2025, சித்திரை ஒன்று
வார்டிலிருந்து

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாகத்தான் இருக்கிறேன். நீ கீழே மாத்திரை வாங்கப் போன நேரத்தில் எழுதுகிறேன். வாயால் சொன்னால் இரண்டு பேரும் அழுவோம். தலையணைக்கு அடியில் வைக்கிறேன், வீட்டுக்குப் போய்ப் படி.

காலையில் ஐஸ்வர்யா எனக்கும் ஒரு நோட்டு கொடுத்தாள். முதல் பக்கத்தில் எடை எழுத வேண்டும் என்று மிஷினுக்குக் கூட்டிப்போனாள். நீ கதவுக்கு வெளியே என் பையோடு நின்றிருந்தாய். நான் ஏறினேன். நீ எழுதிய மாதிரியே முதுகில் காற்று பட்டது. கஞ்சி வாசனையும் வந்தது. ஏ.சி. என்று உனக்கு எழுதினேனே, அந்த ரூமில் ஏ.சி.யே இல்லை.

திரும்பிப் பார்த்தேன் அக்கா. அம்மா நின்றிருந்தாள். அந்தப் பச்சை ஜாக்கெட்தான். தோளிலிருந்து வழிகிற மாதிரி தொளதொளவென்று இருந்தது, ஒரு தையல்கூட இல்லை. எவ்வளவு இளைத்திருந்தாள் என்று இன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன். மருந்து மயக்கமாகவும் இருக்கலாம். அவள் மிஷினில் காலை வைக்கவில்லை. நம்பரை மட்டும் எட்டிப் பார்த்தாள்.

நாற்பத்தாறு. நோட்டில் அப்படியே எழுதியிருக்கிறேன்.

அத்தையிடம் சொல். ஏழு போக இன்னும் முப்பத்தொன்பது கிலோ வெல்லம் வாங்க வேண்டும். இல்லை, அதைவிடக் கூடவே வாங்கச் சொல். நான் இன்று மூன்று இட்லி தின்றேன்.

உன் தங்கை,
சௌந்தர்யா